வழித்தடமும் நேரமும் தவறாமல் பேருந்தை இயக்குவது எப்படி: ஓட்டுநர்களுக்கான வழிகாட்டி

பேருந்தின் ஸ்டீயரிங் ஓட்டுநரின் கையில் இருந்தாலும், எந்தச் சாலையில் போவது, எங்கெங்கே நிற்பது, எத்தனை மணிக்குக் கிளம்புவது ஆகிய மூன்றும் அவர் விருப்பத்துக்கு விடப்பட்டவை அல்ல. கார் ஓட்டுபவர் நெரிசலைக் கண்டால் பக்கத்துத் தெருவில் திரும்பிக்கொள்ளலாம். நிறுத்தங்களில் ஆட்களை ஏற்றி இறக்கும் பேருந்தின் ஓட்டுநருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அவர் கண்ணுக்குத் தெரியாத அடுத்த பத்து நிறுத்தங்களிலும் அட்டவணையை நம்பி ஆட்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். புதிதாகப் பணியில் சேர்ந்த ஓட்டுநர்களை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிப் பணி விதிகள் உண்டு என்பதால், இங்கே சொல்வதற்கும் உங்கள் பணிமனையின் எழுத்துப்பூர்வமான உத்தரவுக்கும் வேறுபாடு இருந்தால் உத்தரவையே பின்பற்றுங்கள்.

விதிகளுக்குப் பின்னால் இருக்கும் சட்டம்

வழித்தடமும் நேரமும் நிறுவனத்தின் உள் ஏற்பாடு மட்டுமே என்று பல ஓட்டுநர்கள் நினைக்கிறார்கள். பல நாடுகளில் அவற்றுக்குச் சட்டத்தின் பலமே உண்டு. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 72ஆம் பிரிவு, பெர்மிட் வழங்கும் வட்டாரப் போக்குவரத்து ஆணையம் அதனோடு சேர்த்து விதிக்கக்கூடிய நிபந்தனைகளைப் பட்டியலிடுகிறது. குறித்த வழித்தடத்திலேயே ஓட்ட வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட கால அட்டவணையின் நகலைப் பேருந்திலும் குறித்த நிறுத்தங்களிலும் பார்வைக்கு வைக்க வேண்டும், அந்த அட்டவணையிலிருந்து ஆணையம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் விலகக் கூடாது, நகராட்சி எல்லைக்குள் குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் பயணிகளை ஏற்றவோ இறக்கவோ கூடாது என்பவை அவற்றுள் ஓட்டுநரை நேரடியாகத் தொடுபவை. நிபந்தனையை மீறினால் 86ஆம் பிரிவின்படி பெர்மிட்டை ரத்து செய்யவோ சிறிது காலம் நிறுத்தி வைக்கவோ முடியும். பெர்மிட் உரிமையாளரின் பெயரில் இருந்தாலும், மீறல் நடப்பது ஓட்டுநரின் இருக்கையில்தான்.

பிரிட்டனின் பெரும்பாலான பகுதிகளில் உள்ளூர்ப் பேருந்தை நடத்தும் நிறுவனம், வழித்தடத்தையும் நேரங்களையும் முன்கூட்டியே போக்குவரத்து ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முந்தியும் ஐந்து நிமிடம் பிந்தியும் உள்ள இடைவெளிக்குள் இயங்கும் பேருந்தையே அங்கே நேரத்துக்கு இயங்கியதாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். நூற்றுக்கு 95 நடைகளாவது (ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடும் ஓட்டம் ஒரு நடை) அந்த வரம்புக்குள் அமைய வேண்டும் என்பது அளவுகோல். இந்த வரம்பைச் சற்று உற்றுப் பாருங்கள். தாமதத்துக்கு ஐந்து நிமிடம் கொடுத்தவர்கள், முந்துவதற்கு ஒரே ஒரு நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். ஏன் என்பதைப் புரிந்துகொண்ட ஓட்டுநருக்கு இந்த வழிகாட்டியின் பாதி தேவைப்படாது.

வண்டியை எடுக்கும் முன்

பணிச்சீட்டு கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது புறப்படும் நேரத்தை அல்ல, தேதியையும் நாளின் வகையையும்தான். வேலைநாள், சனிக்கிழமை, ஞாயிறு, விடுமுறை ஆகியவற்றுக்குத் தனித்தனி அட்டவணைகள் இருக்கும் தடங்களில், நேற்றைய பழக்கத்தில் இன்றைய வண்டியை எடுப்பது அடிக்கடி நேரும் தவறு. அடுத்து, ஒரே எண்ணில் ஓடும் கிளைத் தடங்களைக் கவனியுங்கள். குறிப்பிட்ட சில நடைகள் மட்டும் ஒரு குடியிருப்புக்குள்ளோ மருத்துவமனைக்குள்ளோ போய்த் திரும்பும்படி அமைக்கப்பட்டிருக்கும்; அந்த நடைகளைப் பணிச்சீட்டிலேயே பேனாவால் கோடிட்டு வைத்துக்கொண்டால், நாளின் கடைசி நேரச் சோர்வில் நேராகப் போய்விடாமல் தப்பிக்கலாம்.

பழக்கமில்லாத தடம் என்றால் ஒரு முறையாவது பயணியாக அதில் போய்வருவது நல்லது. அதற்கு வாய்ப்பில்லை என்றால், தடம் தெரிந்த ஓட்டுநரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்தத் திருப்பத்தில் வண்டியை அகலமாக எடுக்க வேண்டும், எந்த நிறுத்தம் கண்ணில் படாமல் மறைந்திருக்கிறது, முனையத்தில் எந்தப் பக்கமாகத் திருப்ப வேண்டும். மற்றவற்றைச் சாலையே சொல்லிவிடும். கைப்பேசியின் வரைபடத்தை நம்பிப் போக வேண்டாம். சிறிய வாகனத்துக்கு மிகக் குறுகிய வழியைக் காட்டும் செயலிக்கு உங்கள் வண்டியின் உயரமும் நீளமும் தெரியாது.

உங்கள் கைக்கடிகாரத்தை நேரக் காப்பாளரின் கடிகாரத்தோடு அல்லது வண்டியில் உள்ள கருவியின் நேரத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். தட எண்ணும் சேருமிடமும் காட்டும் பலகை இந்த நடைக்கு உரியதா என்பதை வண்டியை விட்டு இறங்கி, முன்னால் நின்று பார்க்க வேண்டும். மின்னணுப் பலகைகள் சில சமயம் முன்புறம் ஒன்றும் பக்கவாட்டில் வேறொன்றும் காட்டும். தவறான பலகையைப் பார்த்து ஏறியவர் பாதி வழியில் கேள்வி கேட்கும்போது, அவரைச் சமாதானப்படுத்துவதில் போகும் இரண்டு நிமிடமும் அட்டவணையிலிருந்துதான் கழியும்.

நேரத்துக்கு முன் கிளம்புவது

இரண்டு நிமிடம் தாமதமாக வரும் பேருந்தினால் பயணி இழப்பது இரண்டு நிமிடம். இரண்டு நிமிடம் முன்னதாகக் கிளம்பிவிட்ட பேருந்தினால் அவர் இழப்பது அடுத்த பேருந்து வரும்வரையிலான முழு நேரம். அரை மணிக்கு ஒரு வண்டி ஓடும் தடத்தில் அது அரை மணி. இரவின் கடைசி வண்டியாக இருந்தால் அவருக்கு வீடு திரும்ப வழியே இல்லாமல் போகும். சரியான நேரத்துக்கு வந்து நின்றவர், எந்தத் தவறும் செய்யாமல் தண்டிக்கப்படுகிறார். தாமதத்துக்கு நெரிசல், மழை, பழுது என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். முன்னதாகக் கிளம்பியதற்கு ஓட்டுநரைத் தவிர வேறு காரணம் இல்லை. ஆகவே தொடக்க நிலையத்திலிருந்து குறித்த நிமிடத்துக்கு ஒரு நொடி முன்னால்கூடச் சக்கரம் உருளக் கூடாது என்பதை அசைக்க முடியாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நிரம்பிவிட்டது, இனி யார் வரப்போகிறார்கள் என்ற எண்ணம் வரும். வண்டி நிரம்பியிருப்பது இந்த நிறுத்தத்தில்தான். அடுத்த நிறுத்தத்தில் இறங்குபவரின் இடத்துக்கு அங்கே ஒருவர் காத்திருக்கிறார்.

வழியில் உள்ள எல்லா நிறுத்தங்களுக்கும் இதே கண்டிப்பு பொருந்தாது. அட்டவணை அமைப்பவர்கள் தடத்தில் சில முக்கிய நிறுத்தங்களை நேரம் பார்க்கும் இடங்களாகக் குறித்திருப்பார்கள். பெரிய சந்திப்புகள், ரயில் நிலையங்கள், தடங்கள் பிரியும் இடங்கள் பெரும்பாலும் அவையாக இருக்கும். முன்னதாக வந்து சேர்ந்துவிட்டால் அங்கே நின்று, நேரம் ஆன பிறகே கிளம்ப வேண்டும். அவற்றுக்கு இடைப்பட்ட நிறுத்தங்களின் நேரங்கள் மதிப்பீடுகள்தான். ஆனால் அந்த மதிப்பீட்டையும் பயணிகள் இப்போது நிமிடக் கணக்கில் பார்க்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். 2005இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கிய பொதுத் தரவு வடிவம் உலகெங்கும் பரவியதால், ஒவ்வொரு நிறுத்தத்தின் நேரமும் பயணியின் கைப்பேசியில் இருக்கிறது.

நேரம் பார்க்கும் நிறுத்தத்தில் காத்திருப்பது எளிய வேலை அல்ல. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் ஏன் சும்மா நிற்கிறது என்று முணுமுணுப்பார்கள். வாய் திறந்து காரணத்தைச் சொல்லிவிடுங்கள்: "நேரம் ஆகவில்லை, இரண்டு நிமிடத்தில் கிளம்புகிறோம்" என்பது போதும். லண்டன் பேருந்துகளில், சேவையைச் சீராக்குவதற்காகச் சற்று நேரம் நிற்கிறோம் என்று ஒலிக்கும் பதிவுசெய்த அறிவிப்பே இருக்கிறது. இன்னொரு பேருந்து பின்னால் வந்து நிற்க இடம் வேண்டியிருந்தால், நிறுத்தத்தின் முன்முனைக்கு வண்டியை நகர்த்தி நில்லுங்கள். காத்திருப்பைத் தவிர்க்கும் வழியும் உண்டு: நேரம் மிச்சமிருப்பது தெரிந்ததும், அந்த நிறுத்தத்துக்கு முந்திய பகுதியிலேயே வேகத்தைக் குறைத்து, மஞ்சள் விளக்கைத் துரத்தாமல் வந்தால், நிற்க வேண்டிய நேரம் பாதியாகக் குறையும். ஆனால் அதற்காகச் சாலையை மறித்துக்கொண்டு ஊர்ந்து வருவதும் தவறு.

தாமதமாகிவிட்டால்

தாமதத்தை வேகத்தால் ஈடுகட்ட முடியும் என்று தோன்றுவது கணக்குப் போட்டுப் பார்க்காததால்தான். 5 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஏழரை நிமிடம் ஆகும். 50இல் போனால் ஆறு நிமிடம். வழியில் எங்கும் நிற்காமல் போனாலே மிச்சமாவது ஒன்றரை நிமிடம்தான், அதை ஒரு சிவப்பு விளக்கு விழுங்கிவிடும். அந்த ஒன்றரை நிமிடத்துக்காக நின்றுகொண்டிருக்கும் பயணிகளைத் தள்ளாட வைப்பதும், வேக வரம்பை மீறுவதும் எந்த அட்டவணையும் கேட்பதல்ல. நேரமாகிவிட்டது என்பது எந்த நீதிமன்றத்திலும் தற்காப்பு வாதமாக நிற்காது. காவலர் இல்லாத ரயில்வே கடவில் வண்டியை நிறுத்த வேண்டும், நடத்துநரோ உதவியாளரோ இறங்கிப் போய் ரயில் வரவில்லை என்று உறுதிசெய்த பிறகே கடக்க வேண்டும் என்று மேலே சொன்ன இந்தியச் சட்டத்தின் 131ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. அதற்கு ஆகும் நேரம் அட்டவணையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டளை மாறாது.

நேரம் உண்மையில் மீளக்கூடிய இடம் நிறுத்தங்கள்தான். வண்டியை நடைமேடை ஓரத்தை ஒட்டி நிறுத்தினால் முதியவர்களும் குழந்தையோடு வருபவர்களும் விரைவாக ஏறுவார்கள். சாலை நடுவில் சாய்வாக நிறுத்தினால் ஒவ்வொருவருக்கும் சில நொடி கூடுகிறது. இறங்கும் வழியையும் ஏறும் வழியையும் பிரித்துக் காட்டுவது, வாசலில் நிற்பவர்களை உள்ளே நகரச் சொல்வது போன்றவை நடத்துநரோடு பேசிச் செய்ய வேண்டியவை. ஆட்கள் காத்திருக்கும் நிறுத்தத்தை, வண்டியில் இடம் இருக்கும்போது, தாண்டிப் போவது மட்டும் கூடவே கூடாது.

அடிக்கடி வண்டி ஓடும் தடங்களில் தாமதத்துக்கு இன்னொரு முகம் உண்டு. புதிய ஓட்டுநர்களுக்கு யாரும் இதை விளக்கிச் சொல்வதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று வையுங்கள். உங்கள் வண்டி மூன்று நிமிடம் பிந்திவிட்டது. முன்வண்டிக்கும் உங்களுக்கும் இடையே இப்போது பதின்மூன்று நிமிடம் இருப்பதால், அடுத்த நிறுத்தத்தில் பதின்மூன்று நிமிடக் கூட்டம் சேர்ந்திருக்கும். அவர்களை ஏற்ற அதிக நேரம் ஆகும், நீங்கள் இன்னும் பிந்துவீர்கள். உங்களுக்குப் பின்னால் வருபவருக்கோ ஏழு நிமிடக் கூட்டம்தான். அவர் சீக்கிரம் கிளம்பி உங்களை நெருங்கிக்கொண்டே வருவார். கடைசியில் இரண்டு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக, முன்னது பிதுங்கி வழிந்தும் பின்னது காலியாகவும் வந்து சேரும். நியூவெல், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1964லேயே இதைக் கணித முறையில் விளக்கிவிட்டார்கள். பயணிக்கு நேரும் இழப்பும் சிறியதல்ல. பத்து நிமிடத்துக்கு ஒன்று சீராக வந்தால் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருக்கும் ஒருவர், அதே எண்ணிக்கையிலான வண்டிகள் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டிரண்டாக வந்தால் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். வண்டி ஒன்றுகூடக் குறையவில்லை, ஆனால் காத்திருப்பு இரட்டிப்பாகிவிட்டது.

ஆகவே இத்தகைய தடங்களில் கடிகாரத்தைவிட முன்வண்டியோடு உள்ள இடைவெளியே முக்கியமாகிறது. நீங்கள் நேரத்துக்குத்தான் ஓடுகிறீர்கள், ஆனால் பின்வண்டி மிகவும் பிந்திவிட்டது என்றால், உங்களை இரண்டு நிமிடம் நிறுத்தி வைக்கும்படி கட்டுப்பாட்டு அறை சொல்லக்கூடும். அது உங்களுக்குத் தரும் தண்டனை அல்ல, வண்டிகளுக்கு இடையிலான தூரத்தைச் சமமாகப் பகிர்ந்துவிடும் முறை. முன்வண்டியை எட்டிப் பிடித்துவிட்டால் உங்கள் விருப்பப்படி முந்திச் செல்லக் கூடாது. முந்தச் சொல்லும் அதிகாரமும், பிந்திய வண்டியை முனையம்வரை போகாமல் பாதியில் திருப்பும் அதிகாரமும், சில நிறுத்தங்களில் இறக்க மட்டும் செய்யச் சொல்லும் அதிகாரமும் கட்டுப்பாட்டு அறைக்கே உரியவை. பாதியில் திருப்பும் உத்தரவு வந்தால் பலகையை உடனே மாற்றி, உள்ளே இருப்பவர்களுக்கு அறிவித்து, பின்வண்டி வரும் பாதுகாப்பான நிறுத்தத்தில் அவர்களை இறக்க வேண்டும். இருட்டிய பிறகு ஆளில்லாத நிறுத்தத்தில் இறக்கச் சொன்னால், அந்த உத்தரவைக் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள்.

முனையத்தில் கொடுக்கப்படும் இடைவேளை இரண்டு வேலைகளைச் செய்கிறது: ஒரு நடையின் தாமதம் அடுத்த நடையைத் தொடாமல் உறிஞ்சிக்கொள்கிறது, ஓட்டுநருக்கு ஓய்வும் தருகிறது. இரண்டையும் ஒரே சில நிமிடங்களில் அடக்கப் பார்க்கும்போதுதான் சிக்கல். சட்டம் கட்டாயமாக்கிய ஓய்வைத் தாமதத்துக்காக விட்டுக்கொடுக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு 561ஆவது ஒழுங்குமுறை நாலரை மணி நேரம் ஓட்டிய பின் 45 நிமிட இடைவேளையைக் கட்டாயமாக்குகிறது. 50 கிலோமீட்டருக்கு மேற்படாத வழக்கமான தடங்கள் அதன் வரம்புக்குள் வராமல் அந்தந்த நாட்டு விதிகளுக்கு விடப்பட்டுள்ளன. இந்தியா 1961இல் இயற்றிய மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வை வகுத்தது. நீங்கள் பிந்தி வந்ததால் ஓய்வு குறைகிறது என்றால், ஓய்வை முழுதாக எடுத்து அடுத்த நடை பிந்தும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதே சரி.

தடம் மாற நேர்ந்தால்

விபத்து, ஊர்வலம், குழாய் உடைப்பு, வெள்ளம் என்று சாலை அடைபட்டால், முதலில் வண்டியை நிறுத்தித் தகவல் சொல்லுங்கள், பிறகே திரும்புங்கள். காவலர் கைகாட்டித் திருப்பிவிட்டால் அவர் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அவர் காட்டும் தெரு உங்கள் வண்டிக்கு ஏற்றதல்ல என்று தெரிந்தால் நிறுத்தி அதை அவரிடம் சொல்வது உங்கள் கடமை. போக்குவரத்துக் காவலர் கார்களை நினைத்துத்தான் வழி காட்டுவார். ஓட்டுநர் இருக்கையின் எதிரே வண்டியின் உயரம் எழுதிய சிறு தகடு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி ஒட்டுங்கள். தாழ்ந்த பாலத்தில் மாடிப் பேருந்து மோதும் விபத்துகளில், வழக்கமான தடத்தைவிட்டு விலகியவையும் பயணிகள் இல்லாமல் பணிமனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தவையும் அடங்கும். காலி வண்டிதானே என்று குறுக்குவழியில் போவதும் தடம் மாறுவதே.

மாற்றுப் பாதையில் போகும்போது, அடைப்பு முடியும் இடத்துக்குப் பின் வரும் முதல் சந்திப்பிலேயே பழைய தடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். மாற்றுப் பாதை வசதியாக இருக்கிறது என்று நீட்டிக்கொண்டே போனால், தவறவிடும் நிறுத்தங்கள் கூடும். தவறவிட்ட நிறுத்தங்களில் இறங்க வேண்டியவர்களிடம் திரும்புவதற்கு முன்பே சொல்லி, அருகில் பாதுகாப்பாக இறக்குங்கள். குறுகிய தெருவில் சிக்கிக்கொண்டால், பின்னால் நின்று சைகை காட்ட ஆள் இல்லாமல் பின்னோக்கி எடுக்காதீர்கள். தெரிந்தவர் கேட்டார் என்பதற்காக நிறுத்தமில்லாத இடத்தில் நிறுத்துவது, அவசரமாகப் போகிறவருக்காகத் தடத்தைச் சுருக்குவது போன்றவற்றை உதவி என்று நினைக்க வேண்டாம். விபத்து நேர்ந்தால் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில்தான் விழும்.

டிரிப் ஷீட்டில் எழுதுவது

ஒவ்வொரு நடைக்கும் உண்மையில் கிளம்பிய நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் எழுதுங்கள். அட்டவணையில் உள்ள நேரத்தையே பார்த்து எழுதிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. 8.10, 9.05, 10.00 என்று மாதக்கணக்கில் பிசகாமல் இருக்கும் தாளைப் பார்த்தாலே, எழுதியவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும். வண்டியில் இடங்காட்டும் கருவி இருந்தால் பொய் உடனே வெளிப்படும். கருவி இல்லாத இடத்தில் அதைவிடப் பெரிய கேடு நேர்கிறது: காகிதத்தில் எல்லா வண்டியும் நேரத்துக்கு ஓடுவதால், அந்த ஓட்ட நேரம் போதவில்லை என்று ஓட்டுநர்கள் எவ்வளவு சொன்னாலும் அட்டவணை மாறாது. தாங்களே எழுதிய சாட்சியம் தங்களுக்கு எதிராக நிற்கும்.

ஓட்ட நேரம் உண்மையிலேயே போதவில்லை என்றால் அதைப் புகாராகப் பேசாமல் கணக்காக எழுதிக் கொடுங்கள். எந்த இரண்டு நிறுத்தங்களுக்கு இடையில், எந்த மணியிலிருந்து எந்த மணிவரை, எத்தனை நிமிடம் கூடுதலாக ஆகிறது, என்ன காரணம் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். "காலை நடை டைட்டாக இருக்கிறது" என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு அட்டவணைப் பிரிவில் யாராலும் எதையும் மாற்ற முடியாது. பள்ளி விடும் அரை மணியில் சந்தைச் சாலையைக் கடக்க ஆறு நிமிடம் கூடுகிறது என்று பல நாள் தாள்களோடு காட்டினால், அந்த நேரத்து நடைகளுக்கு மட்டும் கூடுதல் நிமிடம் சேர்க்க முடியும். நேரம் மிச்சமாகும் நடைகளையும் அதே நேர்மையோடு எழுதுங்கள். தேவைக்கு மேல் தளர்ந்த அட்டவணையால்தான் ஓட்டுநர்கள் முன்னதாகக் கிளம்பும் பழக்கத்துக்கு ஆளாகிறார்கள்.

வண்டியை ஒப்படைக்கும்போது

நடுவழியில் பணி மாறும் தடங்களில், மாற்று ஓட்டுநர் வந்து சேரும்வரை பயணிகளோடு வண்டியை விட்டுவிட்டு இறங்கக் கூடாது. அவர் வரவில்லை என்றால் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டு, உங்கள் பணி நேர வரம்பு அனுமதிக்குமா என்று கேட்டுத் தொடருங்கள். ஒப்படைக்கும்போது நான்கு செய்திகளையாவது சொல்ல வேண்டும்: இப்போது எத்தனை நிமிடம் பிந்தி ஓடுகிறது, முன்வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, வழியில் எங்கே சாலை அடைபட்டிருக்கிறது, பலகையும் கருவியும் எந்த நடைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. வண்டியில் ஏதேனும் குறை இருந்தால் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், டிரிப் ஷீட்டிலும் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு இறங்குங்கள்.